ஞானமுத்துவின் ஐம்பது பஸ்கி

மார்ச் 3, புதன்.
லெந்து என்னும் தவக்காலம் தொடக்கம். வெயில் இப்போதே சித்திரை போல. மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றது, நூல் கட்டியிருக்கிறேன்.

விடிந்ததும் கோயில் வளாகத்தில், என் சன்னலுக்கு நேரே, சகோதரர் சங்கத்தார். பதினான்கு ஆண்கள். ஜெபம், தண்டால், குந்தி எழும் பஸ்கி. ஆளுக்கு ஐம்பது பஸ்கி என்பது விதி. முடியாதவனின் குறையைத் தலைவர் போட்டு முடிக்க வேண்டும். தம் ஐம்பதைக் கடைசியில். தலைவனே பணிவிடைக்காரன் என்னும் போதனைக்கு இவர்கள் கண்ட உரை. வேதம் சரி, உடற்கூறுதான் இடிக்கிறது.

தலைவர் ஞானமுத்து, கவரைப்பேட்டை ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அரிசி மில் சாலமோன் முப்பதில் நின்று, "அண்ணே, மிச்சம் உன்னுது!" என்றான். ஒரே சிரிப்பு. ஞா. மூச்சு வாங்கப் போட்டு முடித்தார்.

மார்ச் 8, திங்கள்.
ஞா. வந்தார். கையில் சென்னை டாக்டரின் ஆங்கிலக் கடிதம். பி.ஏ. படித்ததன் பயன், ஊராரின் கெட்ட செய்தியை அவர்களுக்கு முன்பாக நான் வாசிப்பது.

"இன்னா எய்திக்கீது டீச்சரம்மா?"

இருதயக் கோளாறு. இலகுவான வேலை செய்யலாம். தண்டால், பஸ்கி கூடவே கூடாது. மீறினால் உயிருக்கு ஆபத்து. மழுப்பாமல் சொன்னேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. நான் குந்திட்டா சங்கம் கலஞ்சிடும். பாதி பேரு மறுபடி கள்ளச் சாராயத்துக்குப் பூடுவானுங்க."

வாக்குக் கொடுத்தேன். மடத்தனம். கீரை வாங்க மறந்தாயிற்று.

மார்ச் 10, புதன்.
விடியலில் மட்டும் பனி. இன்று நால்வரின் குறை. ஞா. சுவரைப் பிடித்து நின்றார், உதடு நீலம். கேட்டவர்களிடம், "உபவாசம், அதான்" என்றார். பொய். சாலமோன் கைதட்டினான்.

மாலை மில்லுக்கு நடந்து, சாலமோனைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் வாக்குத் தவறியது இது முதல் முறையன்று. மனம் உறுத்தாதது இதுவே முதல் முறை.

மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். "நான்தாம்மா அந்தாள தெனம் கொன்னுக்கினு இருந்தேனா?"

ஆம் என்றேன்.

மார்ச் 11, வியாழன்.
ஒருவரும் பாதியில் நிற்கவில்லை. சாலமோன், முப்பதுக்குமேல் கால் நடுக்கம், நாற்பதில் கண்ணீரோ வியர்வையோ, ஐம்பது. ஞா. தம் முறைக்கு வேட்டியை மடித்துக் கட்டினார். பதின்மூன்று பேரும் குறுக்கே.

"நீ குந்து அண்ணே," என்றான் சாலமோன். " உன் அம்பத நாங்க பங்கு போட்டுக்கினோம். ஆளுக்கு நாலு."

"ரெண்டு ஜாஸ்தி வருதுடா."

"வரட்டுமே. நாளைக்குத் தள்ளிக்கோ."

ஞா. என் சன்னலைப் பார்த்தார். கோபம். நான் முகத்தைத் திருப்பவில்லை. முக்காலியை எடுத்துப்போய்ப் போட்டு, "உட்காரும். எண்ணுவதும் தலைவர் வேலைதான்" என்றேன்.

உட்கார்ந்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அதற்குமேல் குரல் எழவில்லை. பதின்மூன்று பேரும், தொடை நடுங்க, குந்தியபடியே நான்குக்காகக் காத்திருந்தார்கள்.