அம்மாவுக்கு ஒரு பாத்திரத் தொட்டி

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அவள் முதுகுவலியை மட்டும் கணக்கில் சேர்க்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், உடனே போன் போட்டுத் திட்டாதே, முழுவதும் படி. என் வலது கை நடுங்குவதை வீடியோவில் பார்த்துவிட்டு நீ அழுதாயே, அன்றைக்கு இனி வெல்டிங் மெஷினைத் தொட மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன், நடுக்கத்தை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று உன்னிடமும் வாக்கு வாங்கினேன். என் வாக்கு ஒன்பது நாள் தாங்கியது.

காரணம் சமையலறைத் தொட்டி. ஆழம் அதிகம், பாத்திரம் தேய்த்துவிட்டு நிமிரும்போதெல்லாம் அம்மா சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். நம் மேடை அளவுக்கு ஆழம் குறைந்தது கடையில் கிடைக்கவில்லை. ஒரு மில்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வாங்கினேன், கடைக்காரரே ஓட்டை போட்டு நாலு பக்கமும் மடித்துக் கொடுத்துவிட்டார், நாலு மூலையையும் பற்றவைப்பதுதான் என் பாடு. முப்பத்திரண்டு வருஷம் பாய்லர் பட்டறையில் விரல் தடிமன் இரும்பை ஒட்டியவனுக்கு இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன், அதுதான் தப்பு. நல்லவேளை, துண்டுத் தகட்டில்தான் முதலில் பழகினேன். பழைய வழக்கத்தில் கரண்டைக் கூட்டி வெல்டிங் ராடை நிதானமாக இழுத்தால், சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை, தகடும் கோணிக்கொண்டது. கரண்டைக் குறைத்தால் ராடு ஒட்டிக்கொள்கிறது, நடுக்கத்தில் கோடு புழு மாதிரி நெளிகிறது. மெஷின் மட்டம், ராடு ஈரம் என்று நான் புலம்ப, ஜன்னல் வழியாக அம்மா, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை சிட்டு, இந்தக் கை அவ்வளவுதான் என்று பயந்துபோனேன், கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அந்தத் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அசையாமல் நிற்பதற்காக முதலில் பற்றவைத்த இரண்டு பொட்டு மட்டும் பழுதில்லாமல் இருந்தது. ஒரு பொட்டு வைக்கக் கண் இமைக்கும் நேரம் போதும், அதற்குள் கைக்கு நடுங்க ஏது அவகாசம். அப்படியானால் மூலை முழுவதையும் பொட்டுப் பொட்டாகவே மூடினால் என்ன என்று தோன்றியது. இருப்பதில் மெல்லிய ராடு, சூட்டை வாங்கிக்கொள்ள உள்பக்கம் ஒரு செம்புப் பட்டை, இந்த மூலையில் ஒரு பொட்டு, ஆறவிட்டு எதிர் மூலையில் ஒன்று. ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், இன்னொரு முகமூடியை மாட்டிக்கொண்டு அம்மா வந்தாள், ஒன்றும் கேட்காமல் என் முழங்கையை, நான் கை ஊன்ற வைத்திருந்த மரக்கட்டையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். "ஒரு வருஷமா உங்களுக்கு முக்கால் டம்ளர் டீதான் ஊத்துறேன், கவனிக்கவே இல்லையா? ததும்பி சிந்திட்டா உங்க முகம் வாடிப்போகும், எனக்குப் பார்க்க முடியாது" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான் என் கதை. முகமூடிக்குள் கண் கலங்கியதால் அடுத்த பொட்டு தள்ளிப்போய் விழுந்தது.

மூன்று நாள் ஆயிற்று. ஓட்டையை அடைத்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி அடியில் செய்தித்தாளை விரித்தோம், ஒரு மூலை கசிந்தது, அங்கே இரண்டு பொட்டு கூட வைத்தேன், பிறகு சாயங்காலம் வரை தாள் நனையவில்லை. வெளிப்பக்கத்தை யாருக்கும் காட்டுவதாக இல்லை. அம்மா இப்போது நிமிர்ந்து நின்று தேய்க்கிறாள், ஆழம் குறைந்ததால் தண்ணீரெல்லாம் தன் மேல்தான் தெறிக்கிறது என்று குறையும் சொல்கிறாள். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம், அம்மாவும் கூட வருகிறாள். மெஷினை விற்கச் சொல்லாதே, அவள் பக்கத்தில் இல்லாமல் தொட மாட்டேன், இந்த வாக்கு தாங்கும், காவலுக்கு ஆள் இருக்கிறது.

வண்டி ஓட்டும்போது போனை எடுக்காதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். கண்ணாடி சரியில்லை என்று சொல்லி ஒரு வருஷமாக நான் சொல்லச் சொல்ல அம்மாவைத்தான் உனக்குக் கடிதம் எழுத வைத்தேன், கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது. இந்த எழுத்து கோணிக்கொண்டு போவதைப் பார்த்து அழாதே, இனிமேல் இப்படித்தான் வரும்.

உன் அப்பா,
சொந்தக் கையால்.