கான்கிரீட் கூரை போட்ட அப்பாவுக்கு

என் அப்பாவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நல்ல சேதியோடு எழுதலாம் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். அந்தச் சேதி இனி வராது என்று தெரிந்துவிட்டது, அதனால் வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். கோபம் உன்மேல்தான். வேறு யார்மேல் கோபப்படுவது?

மைசூரில், மண்டி மொஹல்லாவில் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். நஞ்சன்கூடு சாலைப் பக்கம் இரண்டு அறை ஃபிளாட் ஒன்று பார்த்தோம். சமையலறை ஜன்னலில் வெயில் விழுந்தது அப்பா. புத்தகப் பையை எந்த மூலையில் வைப்பது என்றுகூட உன் பேத்தி முடிவு செய்துவிட்டாள். உன் மாப்பிள்ளையின் ஆட்டோ வருமானத்தையும் என் நர்ஸ் சம்பளத்தையும் சேர்த்தாலும் தவணை கட்டுப்படியாகாது. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் தரும் வட்டி மானியம் கிடைத்தால் சமாளித்துவிடலாம். அதை நம்பித்தான் இறங்கினோம்.

மற்ற வழிகளைப் பார்க்காமல் இல்லை. ஆஸ்பத்திரியில் வீட்டுக் கடன் உதவி நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தானாம், நான் இன்னும் ஒப்பந்த நர்ஸ்தான். கட்டடத் தொழிலாளர்களுக்கு ஏதோ உதவி இருக்கிறது என்றார்கள். டிரங்குப் பெட்டியைக் குடைந்து உன் தொழிலாளர் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். நீ உயிரோடு இருந்தபோதே செல்லாத அட்டையாம் அது, ஒருமுறைகூட நீ புதுப்பிக்கவில்லையாம். உனக்கு என்ன அத்தனை வேலை?

கடைசியில், வங்கிக்கு விண்ணப்பம் எழுதித் தரும் ஏஜென்ட் ஒருவரிடம் போனோம். நாட்டில் எங்காவது உங்கள் பெயரில் பக்கா வீடு இருக்கிறதா என்று படிவத்தில் ஒரு கேள்வி.

"ஊர்ல மனெ கினெ, சொந்த வீடு ஏதாச்சும் இருக்கா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே 'இல்லை' என்று எழுதப் போனார் அவர்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெருமை தாங்கவில்லை. "எங்க ஊரு கோபிநத்தத்துல எங்கப்பா என் பேர்ல கட்டிக் குடுத்திருக்காருங்க. ஒத்த ரூம்தான். ஆனா கான்கிரீட் கூரை!" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அய்யோ மேடம், கான்கிரீட் கூரை இருந்தா அதுதான் பக்கா வீடு. உங்களுக்கு மானியம் வராது. ஒண்ணு பண்ணுங்க, கூரைய எடுத்துட்டு ஷீட் போட்டு போட்டோ எடுத்துக் குடுங்க. இல்லாட்டி, எனக்கு வீடே இல்லைன்னு ஒரு அஃபிடவிட்ல கையெழுத்துப் போட்டுடுங்க. அந்தக் காட்டு வரைக்கும் யாரு வந்து பாக்கப் போறாங்க?"

நம் ஊர்த் தெருவில் எல்லோரும் ஓடும் தகரமும் போட்டபோது உனக்கு மட்டும் ஏன் அப்பா கான்கிரீட்? மைசூரில் ஊரார் வீட்டுக்கெல்லாம் கூரை போட்டாய். கூரை போடும் அன்று வீட்டுக்காரர்கள் போட்ட பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வந்தாய். உன் வீட்டுக்குக் கூரை போட்ட அன்று நீயே அண்டா வைத்து ஆட்களுக்குப் பிரியாணி போட்டாய். "எம் பொண்ண எவனும் வெளிய போன்னு சொல்ல முடியாது" என்று எல்லோரிடமும் சொன்னாய். நான் பிழைக்கிற ஊரில் சொல்லிவிட்டார்களே! காட்டோரத்தில் நிற்கும் அந்த வீட்டை வாங்கவும் ஆளில்லை, அங்கே போய் இருந்தால் எங்களுக்கு வேலையும் இல்லை.

கூரையை இடித்துவிடலாம் என்றுதான் போன வாரம் ஊருக்குப் போனேன். உன்னோடு வேலை செய்த மாதேஷ் அண்ணன் துணைக்கு வந்தார். மேலே ஏறி, சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"கம்பிய நெருக்கிப் போட்டிருக்காரு பாப்பா. லேசுல ஒடையாது. ஒடைக்கச் சொன்னா ஒடைக்கறேன், ஆனா மொத அடிய நீ அடி. என்னால ஆவாது" என்று சுத்தியலை என் கையில் கொடுத்தார்.

ஓங்கினேன் அப்பா. சத்தியமாக ஓங்கினேன். கை இறங்கவில்லை. சுத்தியலை அவரிடமே கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த அஃபிடவிட்டிலும் கையெழுத்துப் போடவில்லை. ஃபிளாட்டை வேறு யாரோ முடித்துவிட்டார்கள். "நமக்குத்தான் வீடு இருக்கே, அப்புறம் ஏம்மா இல்ல?" என்று உன் பேத்தி கேட்கிறாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். யார் எந்தப் படிவத்தை நீட்டினாலும், எங்கப்பா எனக்கு ஒன்றும் கட்டித் தரவில்லை என்று எழுத மாட்டேன்.

வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கும்
சொந்த வீட்டுக்காரி,
உன் மகள் செல்வி