கூழ் குடித்ததால் நின்றுபோன ஸ்கேனை உடனே எடுத்துத் தரக் கோருதல்

அனுப்புநர்:
இ. பாஞ்சாலை, க/பெ. இளவரசன்,
காட்டுக்கொல்லை, ஜவ்வாது மலை,
ஒடுகத்தூர் வழி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: காரணம் தெரியாத காய்ச்சலில் கிடக்கும் என் மகள் பூவிழிக்கு (வயது 6) ஸ்கேன் எடுக்காமல் திருப்பி அனுப்பியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆடி மாதத்திலிருந்து என் மகளுக்குக் காய்ச்சல். மாலையானால் ஏறும், விடிந்தால் வியர்த்து இறங்கும். மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை, காசநோய் இல்லை என்றார்கள். இல்லை இல்லை என்று கேட்டே காது புளித்துவிட்டது. என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

2. உடம்பு முழுவதையும் படம் பிடிக்கும் பெட் ஸ்கேன் எடுத்தால், காய்ச்சல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியலாம் என்றார் பெரிய டாக்டர். மருத்துவமனையின் பெயரை நான் எழுதவில்லை. மறுபடியும் அங்கேதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

3. ஸ்கேனுக்கு முன் எதுவும் சாப்பிடக் கூடாது என்று போனில் சொன்னார்கள். அவள் சாப்பிடவில்லை ஐயா. எங்கள் பேச்சில் சோறு என்றால்தான் சாப்பிடுவது, கூழ் என்றால் குடிப்பது. மலை இறங்கும்போது பசி என்று அழுதாள். வெல்லம் கரைத்த சாமைக் கூழைக் குடிக்கக் கொடுத்தேன். அங்கே விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை ஏறிவிட்டது, படம் சரியாக விழாது என்றார்கள். அது நியாயமாகவே இருக்கட்டும். "சொன்னா புரியாதா, இன்னா ஜனங்க நீங்க" என்று எல்லார் முன்னும் ஏசியதும், தை மாதம் வா என்று துரத்தியதும் நியாயமா?

4. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். தை வரை என் பிள்ளை தாங்க மாட்டாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

5. ஆகவே, இந்த வாரமே ஸ்கேன் எடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். இனி மலையிலிருந்து வருகிறவர்களிடம், தண்ணீர் தவிர எதையும் குடிக்கவும் கூடாது என்று சேர்த்துச் சொல்லச் செய்யுங்கள்.

6. அன்றிலிருந்து பூவிழி கூழைத் தொடுவதில்லை. சொம்பை எடுத்தாலே வாயை மூடிக்கொள்கிறாள். "வேணாம்மா, குட்ச்சா படம் எடுக்க மாட்டாங்க" என்கிறாள். ஒரு தேதி சொல்லுங்கள் ஐயா. அதுவரைக்கும் குடிக்கலாம் என்று சொல்லியாவது அவளுக்கு ஒரு வாய் ஊட்டுகிறேன்.

இடம்: வேலூர்
நாள்: 27.10.2025

தங்கள் அலுவலக வாசலில் பிள்ளையோடு காத்திருக்கும்,
இ. பாஞ்சாலை