கழுத்துக்கு ஒரு பிரைமர்

மார்ச் 3, திங்கள்
அக்கா வந்தாள். அவள் மகளின் கல்யாணத்துக்கு நான்தான் மேக்கப் போட வேண்டுமாம். பாசமெல்லாம் இல்லை, வெளியாளிடம் போனால் விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும். பெண்ணின் கழுத்தில் மூன்று வெண்திட்டுகள், காதோரம் ஒன்று. மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.
"பத்து மணி நேரம் தாங்கணும்டி. என் மானம் உன் கையிலதான் இருக்கு."
தலையாட்டித் தொலைத்தேன்.

மார்ச் 4
பத்து மணி நேரம் தாங்கும். பதினோராவது மணி நேரம்?

மார்ச் 7
என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சுவருக்கு பெயிண்ட் அடிக்கிறவர். நம் இருவருக்கும் ஒரே தொழில்தான், உன் சுவர் வாய் பேசும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எப்போதும் கிண்டலடிப்பார். இன்று கிண்டல் இல்லை. வீட்டை விற்கிறவர்கள் கறையை மறைக்க அவசரமாக பிரைமர் அடிக்கச் சொன்னால், வாங்கப்போகிறவரை நினைத்துக் கை கூசுமாம். அவள் தோல் ஒன்றும் கறை இல்லை என்று எரிந்து விழுந்தேன். அவர் மேல் ஏன் விழுந்தேன்? அக்காவிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு
அக்கா வீட்டில் ஒத்திகை. இருபது வருடத்தில் செய்யாத தப்பு. மேக்கப்புக்கு அடியில் பூசும் சிலிகான் பிரைமர் தடவிவிட்டு, அதன்மேல் தண்ணீர்ச் சேர்மான ஃபவுண்டேஷனை வைத்தேன். இரண்டும் ஒட்டாது, என்னிடம் படிக்க வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லும் பாடம். கழுத்தில் திரிதிரியாக உருண்டு வந்தது. எல்லாவற்றையும் துடைத்தெடுத்தேன். அந்த நேரம் பார்த்து, கல்யாண வேலையாக வந்த மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்துவிட்டார். கழுத்தைப் பார்த்தார். மேடையில் வெளிச்சம் கொஞ்சம் அதிகமாக இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 10
அக்கா போனில் கேட்டாள்: "வேணும்னே பண்ணினியா?"
இல்லை என்றேன். நிஜமாகவே இல்லையா? ட்யூபை எடுக்கும்போது பார்த்தேனா — ஐயோ, எனக்கே தெரியலையே.

மார்ச் 12
மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கல்யாணம் நின்றால் அந்தப் பெண் முகத்தில் எப்படி முழிப்பேன்?

மார்ச் 13
அக்கா மகள் பார்லருக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் சிரித்துவிட்டாள்.
"அவருக்கும் அத்தைக்கும் மூணு மாசம் முன்னாடியே சொல்லிட்டேன் சித்தி. அம்மாவுக்குத்தான் தெரியாது. சொன்னேன்னு தெரிஞ்சா அம்மா பயத்துலயே படுத்துடுவாங்க. அதான் அத்தைய தெரியாத மாதிரி இருக்கச் சொன்னேன்."
கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாலு நாளாக என் உயிரை வாங்கிவிட்டாளே! ஆனால் அவள் அம்மா பதினைந்து வருடமாக இந்தப் பயத்தில்தான் இருக்கிறாள். அக்காவிடம் நானே சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 14
சொல்லிவிட்டேன். அக்கா என்னைத் திட்டினாள், மகளைத் திட்டினாள், சம்பந்தியையும் விடவில்லை. அப்புறம் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

மார்ச் 23, ஞாயிறு
கல்யாணம் முடிந்தது. முகத்துக்கு மட்டும் பிரைமர், கழுத்தைத் தொடவில்லை. மேக்கப் முடியும்வரை அக்கா பக்கத்திலேயே நின்றாள். எப்போது வாயைத் திறப்பாளோ என்று ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே பொட்டு வைத்தேன். கடைசியில் குனிந்து மகளின் காதோரத் திட்டைப் பார்த்தாள்.
"முடி வந்து மறைக்குது பாரு. தூக்கிக் கட்டு."