வரிசை மாறிய ஏழு சுருள்கள்

என் உயிரில் பாதியான சங்கரா,

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் ஊரே குளிக்கிறது. எனக்கோ ஓரிடத்தில் அமர முடியவில்லை. சென்னையில் உன் நெஞ்சுத் துடிப்பு நின்று நாற்பது நாளாகிறது.

சென்ற ஆண்டு, நீ எடுத்த ஒரே திரைப்படத்தைத் தென்காசிக் கொட்டகையில் கண்டேன். மறுநாளே பொதுக்கூட்ட மேடையேறி முழங்கினேன். “நண்பனை நண்பன் வெட்டுவதையே வெற்றியாக்கி முடிக்கிறது இப்படம்! குருதிக்குக் கைதட்டக் கற்பிக்கிறது!” கூட்டம் ஆர்ப்பரித்தது. மூன்றாம் நாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். பிறகு எந்த ஊரும் அதை வாங்கவில்லை.

படத்தைத் தூக்கிய அன்று நீ என் வாசலுக்கு வந்தாய்.

“ஏலே, முழுசாப் பாத்தியா?”

“பாத்தேம்லே. கடைசியில வெட்டு விழுந்ததும் கொட்டகையே விசிலடிச்சுது.”

“கடைசியிலயா?” என்றாய். உன் முகம் வெளுத்தது. அடுத்த கூட்டத்துக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன். ஏன் நிற்கவில்லை நான்? நீயாவது என் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கக் கூடாதா?

சென்ற வாரம், கொட்டகையில் படம் ஓட்டும் மாடசாமி இழவு கேட்க வந்தார்.

“அந்தப் படத்துல டப்பா நம்பரை மாத்தி எழுதிட்டானுவ அண்ணாச்சி. மொத ரீல்ல வெட்டுப்பட்டவன் அடுத்த ரீல்ல எந்திச்சு நடக்கான்! செத்தவன் நடப்பானா? நாந்தான் ஏழு ரீலையும் திருப்பி அடுக்கி, கதையை ஒழுங்காக்குனேன்.” பெருமையாகவே சொன்னார்.

யாரும் திரும்பக் கேட்காத படப்பெட்டி கொட்டகையிலேயே கிடந்தது. நேற்று மாலை, நீ எண்ணிட்ட வரிசையில் ஓட்டச் சொன்னேன். முதலில் வெட்டு. பிறகு சுருளுக்குச் சுருள் முந்தைய நாள்: வாய்த்தகராறு, வாய்க்கால் வரப்பு, பங்கிட்டுத் தின்ற சோறு. கடைசியில் ஐந்தருவி. கொல்லப்போகிறவன் சாகப்போகிறவனின் முதுகில் எண்ணெய் தேய்க்கிறான். இருவரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

“ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்” என்று மாடசாமி தலையில் கைவைத்தார். சுருளை மாற்றியது அவர் கை. படத்தைக் கொன்றது என் நாக்கு.

“நீங்க ஏசுன படம். ஏசுனது தப்புன்னு நீங்களே மேடையில சொன்னாத்தான் மறுபடி போடுவேன்” என்கிறார் கொட்டகை முதலாளி. கூட்டம் ஏற்பாடு செய்யும் தம்பியோ, “சொன்னதை முழுங்குனா, நாளைக்கு எவன் நம்ம பேச்சைக் கேப்பான் அண்ணாச்சி?” என்கிறான். கேட்காமலே போகட்டும்.

வரும் வெள்ளி மாலை, அதே மேடை. ‘தவறாகப் பேசினேன்’ என்றுதான் தொடங்குவேன். கல்லெறிந்தாலும் இறங்கமாட்டேன். பிறகு அந்தக் கூட்டத்தைக் கொட்டகைக்கு அழைத்துப்போய், ஏழாம் சுருள் முடியும்வரை ஒருவரும் எழாதபடி வாசலில் நிற்பேன்.

ஐந்தருவியில் உன் முதுகுக்கு எண்ணெய் தேய்த்த,
உன் உயிர்த்தோழன்.