நான் மண்டியிட்ட ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு டேரியஸ் வணக்கத்துடன் எழுதுவது. இருமல் குறைந்ததா?

ஞாயிறு ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன், தேசியகீதத்தின்போது நான் மண்டியிட்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள். போலீஸ் சுட்டுக் கொன்ற நம் கறுப்பினப் பையன்களுக்காகத்தான். நீங்கள் ராணுவத்தில் சுமந்த கொடிக்கு எதிராக அல்ல. கூட்டத்திலிருந்து யாரோ என்மேல் பீரை வீசினார்கள், சட்டைதான் நனைந்தது.

காலையில் தளபதிகள், மதியம் வெளிநாட்டு விருந்தாளிகள் என்று சந்திப்புகளில் இருக்கும் ஜனாதிபதி, நடுவில் மண்டியிடும் ஆட்டக்காரர்களை வேலையைவிட்டுத் துரத்தும்படி அணி முதலாளிகளிடம் சொல்லியிருக்கிறார். “அவருக்கு வேற வேலையே இல்லையாடா?” என்று நண்பன் குவென்டின் சிரித்தான்.

கோச் சிரிக்கவில்லை. “அடுத்த வாரம் எழுந்து நில்லு. இல்லன்னா ஆட்டத்துல இறக்க மாட்டேன், உனக்கு பெஞ்சுதான்.”

“அப்போ பெஞ்சு பக்கத்துல மண்டி போடறேன், கோச்.”

இங்கே குளிர்கிறது, உங்கள் பழைய கம்பளித் தொப்பியை அனுப்புங்கள். பயிற்சிக்கு வண்டி வந்துவிட்டது. ஞாயிறிலிருந்து நீங்கள் என் போனை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டவாவது செய்யுங்கள், பொறுமையாகக் கேட்கிறேன். ஆனால் வரும் ஞாயிறும் மண்டியிடுவேன்.

உங்கள் மகன்,
டேரியஸ்