சாராவுக்குச் சொன்னார்களா?

அம்மா,

கையில் இன்னும் வெங்காய மணம். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், தேசிக்காய்த் தோலால் தேய்த்தும் பார்த்தேன், போகவில்லை. மாஸ்டர் வீட்டில் இன்று பன்னிரண்டு உருளைக்கிழங்கும் ஆறு வெங்காயமும் துருவினேன். நாளை பொழுது படுவதற்குள் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்கு முன் சமையல் முடிய வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. வியாழக்கிழமைகளில் கதவைத் திறந்ததும் உங்களுக்கு முன்னால் உள்ளே வருவது இந்த மணம்தான்.

இன்று அவர்கள் வாசித்த பகுதி, போன வருடம் நீங்கள் என்னைக் கேள்வியோடு அனுப்பி வைத்த பகுதி. அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு மாஸ்டர் என்று பெயர் வைத்தது நீங்கள். யூதப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று உங்களுக்குத் தெரியவில்லை. அவருடைய மனைவி மிஸிஸ். நீங்கள் அங்கே சமையல் உதவிக்குப் போன முதல் நாள், இறைச்சியும் பாலும் கலக்கக்கூடாது, கழுவ இறைச்சிக்கு ஒரு தொட்டி பாலுக்கு ஒரு தொட்டி, இதற்கு ஒரு கரண்டி அதற்கு ஒரு கரண்டி என்று மிஸிஸ் பயந்து பயந்து விளங்கப்படுத்தினாராம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிச் சிரித்தீர்கள்.

"உதென்ன பெரிய விசயமே? எங்கடை வீட்டிலை மச்சச் சட்டி வேறை, சைவச் சட்டி வேறை. நான் அவவுக்குச் சொல்லிக் குடுப்பன்."

மூன்று வருடத்தில் நீங்கள் ஒரு கரண்டியைக்கூட மாறி வைத்ததில்லை என்று மிஸிஸ் இன்றைக்கும் சொல்கிறார்.

அவர்களுடைய தோரா என்ற வேதத்தை வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து, ஒரு வருடத்தில் முடித்து, முடித்த நாளே மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்குவார்கள். வியாழக்கிழமை நாலரை மணிக்கு மாஸ்டர் தன் இரண்டு பிள்ளைகளையும் மூன்று நான்கு மாணவர்களையும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருத்தி, அந்த வாரத்துப் பகுதியைச் சொல்லுவார். பிறகு ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வி இல்லாதவருக்குக் கேக் இல்லை என்பது மிஸிஸின் சட்டம். நீங்கள் குசினியில் நின்று கிழங்கு சீவிக்கொண்டு கேட்பீர்கள். உங்களுடைய அரைகுறை ஆங்கிலத்தில் எவ்வளவு விளங்கியதோ அவ்வளவையும் பார்க்டேலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து, புட்டுக்கு மா குழைத்தபடி எங்களுக்குச் சொல்லுவீர்கள்.

எரிகிற ஊரை விட்டு ஓடும்போது திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகப் போன மனுசியின் கதையை நான் முதலில் உங்களிடம்தான் கேட்டேன்.

"ஏனம்மா திரும்பிப் பாத்தவ?" தங்கச்சி கேட்டாள்.

"அடுப்பு நெருப்பை நூத்தனானோ எண்டு பாத்திருப்பா."

"பேந்து?"

"பேந்தென்ன, மாரி மழை பெய்தது. உப்பெல்லாம் கரைஞ்சு உள்ளுக்கிருந்து மனுசி வெளியிலை வந்தா. தலையைத் துவட்டிக்கொண்டு புருசனைத் தேடிப் போனா."

ஆபிரகாம் தன் இரண்டாவது மனைவி ஆகாரையும் அவளுடைய மகனையும் பாலைவனத்துக்கு அனுப்பிவிட்ட கதையிலும் அப்படித்தான். பிள்ளை தாகத்தில் சாகக் கிடக்கும்போது, மூத்த மனைவி சாரா மனம் கேட்காமல் தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் ஓடிவந்தாள் என்றீர்கள். அடுத்த வீட்டு மன்னார் அன்ரியின் பைபிளில் வேறு மாதிரி இருக்கிறது என்று தங்கச்சி வந்து சொன்னாள். நீங்கள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அது அவையின்ரை புத்தகம். நான் சொல்லுறது மாஸ்டரின்ரை புத்தகம்."

போன வருடக் கோடையில் உங்களுக்கு வயிற்றில் வருத்தம் வந்தது. செப்டம்பரில் நான் பதினோராம் வகுப்புக்குப் போகாமல் உங்கள் வேலைக்குப் போனேன். நீங்கள் அழுதீர்கள். எனக்கு உண்மையில் ஆறுதலாகத்தான் இருந்தது, இப்போது சொல்லலாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு வருடமும் என் குரலை யாரும் கேட்டதில்லை. வருகையைக் கூப்பிடும்போதுகூடக் கையைத்தான் உயர்த்துவேன். கிழங்கு சீவுகிற வேலையில் குரல் தேவையில்லை என்று நினைத்தேன்.

அந்த வீட்டில்தான் உங்களுடைய கதைகளின் இரகசியம் எனக்குப் பிடிபட்டது. அப்பா பின்னேர வேலைக்குப் போவதற்கு முன் நீங்கள் தங்கச்சியிடம் வந்து சேர வேண்டும். அதற்காக ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவீர்கள். மாஸ்டர் கதையின் பாதிக்கு வருவதே ஐந்து மணிக்குத்தான். மூன்று வருடமும் நீங்கள் பாதிப் பாதிக் கதைகளோடு வீட்டுக்கு வந்து, மிச்சத்தை பஸ்ஸிலேயே சமைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு வருத்தம் என்றதும் அப்பா பகல் வேலைக்கு மாறியதால் நான் கடைசி வரைக்கும் நின்றேன். அந்தப் பெண் உப்பாகவே நின்றுவிட்டாள். ஆகாருக்குத் தண்ணீர் காட்டியது ஒரு தேவதூதன். சாரா போகவில்லை.

அதே வாரத்தில்தான் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க என்னை உங்களுக்கும் டொக்டருக்கும் நடுவில் இருத்தினார்கள். அப்பா வெளியே நடைபாதையில் முதலே என்னைப் பிடித்துச் சொல்லியிருந்தார்: "என்ன சொன்னாலும் கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை. அவ தாங்கமாட்டா." டொக்டர் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். இனி மருந்துகளால் பயனில்லை, சில மாதங்கள்தான் இருக்கலாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும், எங்கே இருக்க விருப்பம், யாரைப் பார்க்க விருப்பம் என்று உங்களைக் கேட்கச் சொன்னார். நீங்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மருந்தை மாத்தப் போகினமாம்," என்றேன்.

நீங்கள் தலையாட்டினீர்கள். டொக்டருக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னீர்கள்.

அன்று பின்னேரம் சோபாவில் படுத்துக்கொண்டு, இந்தக் கிழமை என்ன கதை என்று கேட்டீர்கள். ஆபிரகாம் கடவுளின் சொல்லைக் கேட்டு, மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போன கதையைச் சொன்னேன். எனக்குக் கதை சொல்ல வராது. மாஸ்டர் சொன்ன ஒழுங்கிலேயே ஒப்புவித்தேன். விடியற்காலையில் எழும்பினார், கழுதைக்குச் சேணம் கட்டினார், விறகு வெட்டினார், மூன்று நாள் நடந்தார்கள், கத்தியைத் தூக்கினார், தூதன் தடுத்தான், பிள்ளை தப்பினான்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். நித்திரையாக்கும் என்று எழும்பினேன்.

"தாய் எங்கை?"

"ஆர்?"

"சாரா. கழுதை, விறகு, இவ்வளவு சத்தத்துக்கும் அவ எழும்பேல்லையே? அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"தெரியாதம்மா. அதைப் பற்றி ஒண்டும் வரேல்லை."

"வடிவாக் கேட்டுக்கொண்டு வா. அடுத்த வியாழன் மாஸ்டரைக் கேள்."

"நானோ?"

"நீதான். வேறை ஆர் எனக்கு வந்து சொல்லுறது?"

அந்த ஒரு வாரம் எனக்கு எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த மேசையில் வாயைத் திறப்பதை நினைத்தாலே காது சுட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. நீங்கள் கேட்டது சாராவைப் பற்றி மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். அப்பாவிடம் சொல்லப் போனேன், அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

வியாழன் வந்தது. மாஸ்டர் புத்தகத்தை விரித்து அந்த வாரத்துப் பகுதியைத் தொடங்கினார். சாரா நூற்றிருபத்தேழு வயதில் இறந்துபோனாள் என்று தொடங்கியது. கேட்டதும் கை நின்றுவிட்டது. கையில் கத்தியும் அரைவாசி சீவின கிழங்குமாக வாசற்படியில் போய் நின்றேன். முதலில் மாஸ்டரின் சின்ன மகள்தான் கண்டாள். "அவவுக்குக் கேள்வி இருக்கு," என்று என்னைக் காட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"அம்மாவின் கேள்வி," என்றேன். "போன கிழமைக் கேள்வி. மகனைக் கூட்டிப்போவதை யாராவது சாராவுக்குச் சொன்னார்களா?"

ஜோனா என்ற மாணவனுக்கு எதற்கும் பகிடிதான். "பிந்தி வந்த கேள்விக்குப் பழைய கேக்தான் குடுக்கலாம்," என்றான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் கேட்டது வேதத்தில் எழுதப்படவில்லை என்றார். போன பகுதியில் மகன் தப்புகிறான், அடுத்ததாகச் சாராவைப் பற்றிச் சொல்வது அவள் செத்துப்போனாள் என்பதுதான், இரண்டும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று பழைய ஆசிரியர்கள் நெடுங்காலம் யோசித்தார்கள் என்றார். அவர்களில் சிலர் ஒரு கதை சொல்லுகிறார்களாம். யாரோ ஒருவன் வந்து, பிள்ளை தப்பினான் என்ற இடத்துக்கு வருவதற்கு முன்னமே, கத்தியைத் தூக்கியதை அவளுக்குச் சொல்லிவிட்டான். அந்தப் பாதியைக் கேட்டே அவள் உயிர் போனதாம்.

"அப்ப சொல்லாமல் விட்டது நல்லதுதானே," என்றான் ஜோனா. "தெரிஞ்சால் அவ தாங்கியிருக்க மாட்டா."

அப்பாவின் அதே சொல்.

மிஸிஸ் எனக்குப் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. "தாங்குவேனோ மாட்டேனோ என்பதை முடிவு செய்ய இவர்கள் யார்?" என்றார், தானே சாரா போல, ஜோனாவைப் பார்க்காமல் தன் கணவரைப் பார்த்து. "விறகு வெட்டுவதற்கு முதலே என்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். அதுவும் முழுவதுமாக."

"சொல்லியிருந்தால் அவ சாப்பாடு கட்டிக் குடுத்திருப்பா," என்றாள் சின்ன மகள். "மூண்டு நாள் நடக்க வேணுமே."

மிஸிஸ் என் கையிலிருந்த கிழங்கை வாங்கி வைத்துவிட்டு, பெரிய கேக் துண்டு ஒன்றைத் தாளில் சுற்றித் தந்தார். "உன் அம்மாவின் கேள்வி. அவர்தான் சாப்பிட வேண்டும்."

நீங்கள் ஒரு நகம் அளவுதான் கடித்தீர்கள். நான் நடந்ததை முழுவதும் சொன்னேன். சாப்பாடு கட்டிக் கொடுத்திருப்பாள் என்ற இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "அதுதான் மோனை. அந்தச் சின்னனுக்கு விளங்கியிருக்கு." சிரித்து முடிந்த பிறகு என் கையைப் பிடித்தீர்கள்.

"அப்ப எனக்கு?"

சொன்னேன். டொக்டர் சொன்ன ஒழுங்கிலேயே, மாதங்களையும் விடாமல், வலிக்கு மருந்து உண்டு என்பதையும் விடாமல், யாரைப் பார்க்க விருப்பம் என்று கேட்டதையும் விடாமல். அழுது அழுது சொன்னேன். நீங்கள் அழவில்லை.

"எனக்குத் தெரியும்."

"என்னெண்டு?"

"விசரி, அந்த டொக்டர் மனுசி கால் மணித்தியாலம் கதைக்க நீ மூண்டு சொல்லிலை முடிச்சால்? எனக்கென்ன, அவ்வளவுக்கும் இங்கிலிஸ் தெரியாதோ? நீயாச் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அதற்குப் பிறகு உங்களுக்கு ஒன்பது வாரம் கிடைத்தது. ஆறு வருடமாகக் கதைக்காத லண்டன் மாமாவுக்கு டெலிபோன் காட் வாங்கிக் கோல் எடுத்தீர்கள். முதல் காட் முழுக்க இரண்டு பேரும் அழுதே முடிந்தது, இரண்டாவதில் சண்டை பிடித்தீர்கள், மூன்றாவதில் அவர் வாறன் என்றார், வந்தார். அப்பாவைக் குசினியில் நிறுத்திச் சோறு வடிக்கப் பழக்கினீர்கள். "தாங்கமாட்டா எண்டனீங்கள். கஞ்சியைப் பிடியுங்கோ, நீங்கள் தாங்குறியளோ எண்டு பாப்பம்," என்றீர்கள். அவர் அந்த நீராவிக்குள் நின்று மூக்கைத் துடைத்தது எனக்கு இன்னும் தெரிகிறது. தங்கச்சிக்கு எது, எனக்கு எது என்று சேலைகளைப் பிரித்தீர்கள். வியாழக்கிழமைகளில் நான் கொண்டுவந்த கதையை முடிவு வரைக்கும் கேட்டுவிட்டு, பிடிக்காத முடிவுகளுக்கு மாஸ்டரையும் கடவுளையும் சேர்த்தே ஏசினீர்கள். யோசேப்பு தன் சகோதரருக்குத் தன்னை யாரென்று சொல்லி அழுத கதைதான் கடைசியாகச் சொன்னது. அந்த முடிவை மாற்றத் தேவையில்லை என்றீர்கள்.

அம்மா, நீங்கள் அந்தக் கேள்வியைத் தந்து அனுப்பியிருக்காவிட்டால், நான் அந்த மூன்று சொல்லோடேயே உங்களை அனுப்பியிருப்பேன். உங்களை நினைக்கும்போது துக்கத்துக்கு முதல் நன்றிதான் வருகிறது. அது சரியா என்று தெரியவில்லை, ஆனால் அப்படித்தான் வருகிறது.

இப்போது எங்கள் கட்டடத்து ஆட்கள் டொக்டரிடம் போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் மாடி அன்ரியோடு போனேன். டொக்டர் கதைத்து முடித்ததும், அன்ரியின் மகன் தாய்க்குத் தெரியாமல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. எனக்குக் காது சுட்டது. பதினேழு வயதுப் பெண்ணான எனக்கு அவருடைய தாயின் விசயத்தில் என்ன உரிமை? முடிவு செய்ய வேண்டியவர் அவருமில்லை, நானுமில்லை. அன்ரியைப் பார்த்தேன்.

"அன்ரி, டொக்டர் சொன்னதை முழுக்கச் சொல்லட்டோ, இல்லாட்டிக் கொஞ்சம் போதுமோ?"

அன்ரி மகனைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் தன் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"முழுக்கச் சொல்லு பிள்ளை. ஆறுதலாச் சொல்லு."

என் குரல் நடுங்கியது. நடுங்கினாலும் வெளியே வந்தது.